வாசல் பலகை: கைதானவரைத் தேடுவோரின் கொள்கைப் பிரகடனம்

இதை எழுதுகிற எங்களில் ஒருவருடைய தம்பியை, சில வருஷங்களுக்கு முன், ராத்திரி பத்தேகால் மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வந்த நான்கு பேரில் இருவர் சீருடையில் இல்லை. "சும்மா விசாரணைதாம்மா, காலையில அனுப்பிருவோம்" என்றார்கள். அம்மா செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினார். பக்கத்து ஸ்டேஷனில் கேட்டதற்கு, "இங்க யாரையும் கொண்டாரல." பைக்கில் ஏற்றிக்கொண்டு போன உறவுக்காரர் இன்னொரு ஸ்டேஷனுக்கு விட்டார். அங்கேயும் இல்லை. மூன்றாவது வாசலில் நின்ற காவலர் ஒருவர் மட்டும் மனசு கேட்காமல், "காலையில ஜிஎச் பக்கம் போய் நில்லுங்கம்மா" என்று தணிந்த குரலில் சொன்னார். மறுநாள் பதினொரு மணிக்கு அரசு மருத்துவமனை வாசலில் வேனிலிருந்து தம்பி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த அம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

வழக்கு பிறகு நிற்கவில்லை. எங்களை உறுத்திக்கொண்டே இருப்பது காகிதத்தில் இருந்த ஒரு வரி. காலை ஆறு மணிக்கு, பேருந்து நிலையம் அருகே, சந்தேகத்துக்கிடமாக நின்றபோது கைது செய்ததாக எழுதியிருந்தார்கள். பத்தேகாலுக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த இரவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த இரவு நடந்தது என்பதற்கு ஒரு தாயின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் பன்னிரண்டு வட்டங்களிலும் இப்படி ஓர் இரவைக் கழித்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும், அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டோ ஓட்டுநர்களும், ஓய்வுபெற்ற வாத்தியார்களும், கோர்ட்டில் கறுப்பு அங்கியோடு அலையும் இளம் வழக்கறிஞர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து தொடங்குகிற இயக்கம் இது. எங்கள் கொள்கை ஒரே வாக்கியம்: ஒருவர் கைதானால், அவர் எங்கே இருக்கிறார், எதற்காக, எப்போதிலிருந்து என்பது அன்றைக்கே அவர் குடும்பத்துக்கும் ஊருக்கும் தெரிய வேண்டும்.

இதற்காகப் புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

1986 ஆகஸ்டில், மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் நிர்வாகத் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று, நீதிபதிகள் குல்தீப் சிங்கும் ஏ.எஸ். ஆனந்தும் தீர்ப்புச் சொன்னார்கள். கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய பதினோரு நெறிகள் அதில் உண்டு. பதினோராவது எங்களுடையது: ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் போலீஸ் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும், கைதான பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விவரமும், வைத்திருக்கும் இடமும் அங்கே போய்ச் சேர வேண்டும், எல்லோர் கண்ணிலும் படுகிற பலகையில் அதை எழுதிப் போட வேண்டும்.

பிறகு இதே கருத்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41சி என்ற பிரிவாக நுழைந்து, 2010 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. கைதானவரின் பெயர், முகவரி மட்டுமல்லாமல் கைது செய்த அதிகாரியின் பெயரும் பதவியும் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே பலகையில் இருக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. மாநிலத் தலைமையகத்தில் பொதுமக்கள் அறிவதற்கென்றே ஒரு தகவல் தொகுப்பு வைக்கவும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 37-ஆம் பிரிவு, பலகையை மாவட்டத் தலைநகரோடு நிறுத்தாமல் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் கொண்டுவந்துவிட்டது. துணை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். கைதானவர் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவை, டிஜிட்டல் வடிவம் உட்பட ஏதாவது ஒரு முறையில், நன்றாகத் தெரியும்படி இருக்க வேண்டும்.

ஸ்டேஷன் வாசலுக்கே பலகை வந்தது எங்களுக்குப் பெரிய வரவு. ஆனால் வரும் வழியில் ஒன்றைத் தொலைத்துவிட்டது. பழைய பிரிவில் இருந்த, கைது செய்த அதிகாரியின் பெயர் புதிய பிரிவில் இல்லை. மாநில அளவில் பொதுமக்களுக்கான தொகுப்பு என்ற வரியும் இல்லை. கைதானவரின் வீட்டு முகவரி ஊருக்குத் தெரியலாம், கைது செய்தவரின் பெயர் தெரிய வேண்டாம் என்றால் அந்தப் பலகை ஒரு பக்கம் மட்டும் பேசும். இதை நாங்கள் ஏற்கவில்லை. அந்தப் பெயர் பலகைக்குத் திரும்பி வரும்வரை கேட்டுக்கொண்டிருப்போம்.

சரி, பலகையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஒரு கைது நடந்தால் அது பல இடங்களில் கால்தடம் பதித்துவிட்டுத்தான் போகிறது. எங்களோடு சேருகிற ஒவ்வொருவருக்கும் அந்தத் தடங்கள் பழகிய வீட்டுக் கொல்லைப்புறம் போலத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் தடம் கைதுக் குறிப்பாணை. கைது செய்யும்போதே எழுத வேண்டிய காகிதம் அது. வீட்டு ஆள் ஒருவரோ, அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். நம் ஊரில் பதற்றத்தில் "எங்க போடணும் சார்" என்று கேட்டுப் போட்டுவிடுகிறோம். இனி போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நேரம் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். தப்பாக இருந்தால், தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் தான் பார்த்த நேரத்தை எழுதிப் போடலாம். வந்தவர்கள் பெயர்ப்பட்டையைத் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பதும் இந்தக் குறிப்பாணையைக் கேட்கும் புதிய சட்டத்தின் 36-ஆம் பிரிவுதான்.

அடுத்தது, யாருக்குத் தகவல் சொன்னார்கள் என்பது. உறவினர், நண்பர், அல்லது கைதானவர் பெயர் சொல்லும் யாரோ ஒருவருக்குக் கைதான விஷயத்தையும் வைத்திருக்கும் இடத்தையும் உடனே சொல்ல வேண்டும். சொன்னதை ஸ்டேஷனில் அதற்கான புத்தகத்தில் பதிய வேண்டும். மாவட்டத்தில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரிக்கும் சொல்ல வேண்டும். 48-ஆம் பிரிவு. இதெல்லாம் நடந்ததா என்று பார்த்துத் திருப்திப்பட வேண்டிய கடமை மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. ஆகவே ரிமாண்ட் நேரத்தில் வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "யாருக்குச் சொன்னீர்கள், எத்தனை மணிக்கு?"

ஸ்டேஷனுக்குள் ஜி.டி. என்று சொல்லப்படும் பொது நாட்குறிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அதை நாம் போய்ப் புரட்ட முடியாது. ஆனால் எஃப்.ஐ.ஆர். அப்படியில்லை. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றது. இணைய வசதி குறைந்த இடங்களுக்கு எழுபத்திரண்டு மணி வரை விலக்கு. பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாதம் போன்றவை மட்டும் ஏற்றப்படாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் மாவட்டத்தையும் ஸ்டேஷனையும் தேர்ந்தெடுத்துத் தேடலாம். கீரனூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் இப்படித் தேடலாம் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம் என்பதால்தான் அந்தக் காவலர் ஜிஎச் பக்கம் நிற்கச் சொன்னார். அனுபவம் உள்ள குடும்பங்கள் ஸ்டேஷனுக்கும் போகாமல் நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடுகின்றன. அதன் பிறகு நீதிமன்றம். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது உறுப்பு. விடுமுறை நாளானால் மாஜிஸ்திரேட்டின் வீட்டு வாசலில் வேன் நிற்கும். வழக்கு எண் கிடைத்துவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பதினாறு எழுத்து சி.என்.ஆர். எண்ணோ, எஃப்.ஐ.ஆர். எண்ணோ கொடுத்து அடுத்த வாய்தா எப்போது என்பதுவரை பார்க்கலாம். ரிமாண்ட் ஆனபின் கிளைச்சிறையின் சேர்க்கைப் பதிவேடு. ஆண்களானால் திருச்சி மத்திய சிறையாகவும், பெண்களானால் திருச்சி பெண்கள் சிறப்புச் சிறையாகவும் இருக்கலாம்.

யாருடைய ஞாபகத்துக்கும் வராத தடம் ஒன்று கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது. வாரன்ட் இல்லாமல் கைது செய்த ஒவ்வொருவரையும் பற்றி ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, அதாவது கலெக்டருக்கு, அவர் சொன்னால் கோட்ட அளவிலான அதிகாரிக்கு, அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. பழைய சட்டத்திலும் இது இருந்தது. புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என்று மூன்று கோட்டங்கள் நமக்கு. அந்த அறிக்கைகள் வருகின்றனவா, வந்தால் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று கேட்பது எங்கள் முதல் வேலைகளில் ஒன்று.

அந்தக் காலத்து வக்கீல் குமாஸ்தாக்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று குடும்பம் வந்து நின்றால், மனு எழுதுவதற்கு முன்னால், "முதல்ல போய்த் தந்தி அடிச்சுட்டு வா" என்பார்கள். முதலமைச்சருக்கு, எஸ்.பி.க்கு, மாஜிஸ்திரேட்டுக்கு. தந்தியைப் படித்து உடனே யாராவது ஓடிவருவார்கள் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்ததில்லை. தந்தியில் அஞ்சல் அலுவலகம் குத்துகிற நேரம் இருக்கும். ஆறு மணிக்குக் கைது என்று எழுதுகிற காகிதத்துக்கு எதிராக, அதிகாலை மூன்று மணிக்கே இந்தக் குடும்பம் தேடியது என்று அந்த முத்திரை பேசும். 2013 ஜூலையோடு இந்தியாவில் தந்தி நின்றுபோனது. ஏழைகள் கையில் இருந்த கடிகாரம் ஒன்று அன்றைக்குப் பறிபோனதை நாம் கவனிக்கவே இல்லை. அந்தக் கடிகாரத்தைத் திரும்பச் செய்ய விரும்புகிறோம். எங்களுக்கு அழைப்பு வந்த நிமிடத்தில், குடும்பம் சொன்ன நேரத்தைக் குறித்து, எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் மின்னஞ்சல் போகும். விடிந்ததும் ஸ்பீட் போஸ்ட் போகும். 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணுக்கு அழைப்புப் போகும்.

இதில் எங்களுக்கு வழிகாட்டிகள் வெளியூரில் இல்லை, நம் கடற்கரையில் இருக்கிறார்கள். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் ஒரு படகு விடியற்காலை திரும்பவில்லை என்றால், கூடப் போன படகுக்காரர்கள் கரைக்கு வருவதற்குள் செய்தி வந்துவிடுகிறது. இலங்கைக் கடற்படை பிடித்தது யாரை, எந்தப் படகு, படகில் எத்தனை பேர், யார் யார் என்ற பட்டியல் மத்தியானத்துக்குள் மீன்வளத்துறை கையில் இருக்கிறது. ஊர்காவற்றுறை நீதிமன்றமா பருத்தித்துறையா, யாழ்ப்பாணச் சிறையா, அடுத்த தவணை என்றைக்கு என்பதெல்லாம் அந்தக் குப்பத்துப் பெண்களுக்கு விரல்நுனியில். அயல்நாட்டில் கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை இருக்கிறது; யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகமும் இருக்கிறது. இவை இருந்தும் அந்த ஜனங்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவர் கடற்படைக் கப்பல் மோதிய படகிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அப்படிப்பட்ட கடலில் பிடிபட்டவரின் பெயர்கூட அன்றைக்கே கரைக்கு வந்துவிடும்போது, ஆலங்குடியில் பிடிபட்டவரின் பெயர் ஆலங்குடிக்குத் தெரிய ஏன் மறுநாள் ஆக வேண்டும்? அந்தக் கரையில் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. படகு திரும்பியதும் தலையை எண்ணுகிறார்கள். அந்த வழக்கத்தைத்தான் கடலிலிருந்து உள்ளூருக்குக் கொண்டுவரப் பார்க்கிறோம்.

எண்ணாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. நம் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில், மடப்புரம் கோயில் காவலாளியான ஓர் இளைஞர் 2025 ஜூன் மாதம் நகை காணாமல் போன புகாரில் விசாரணை என்ற பெயரில் கொண்டுபோகப்பட்டார். ஜூன் 28 அன்று இறந்தார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேள்விகளை அடுக்கியது. அந்த இளைஞரைக் கொண்டுபோன நிமிடத்தில் எந்தப் பலகையிலும் அவர் பெயர் ஏறவில்லை. "விசாரணை" என்ற சொல்லுக்குள் ஓர் ஆளை முழுதாக மறைத்துவிட முடிகிறது. கைது என்று எழுதாதவரை இருபத்து நான்கு மணி நேரக் கடிகாரமும் ஓடுவதில்லை.

சாத்தான்குளத்தில் அப்படியல்ல. 2020 ஜூன் 19 அன்று பிடித்த தந்தையும் மகனும் முறையாகப் பதிவானார்கள். எஃப்.ஐ.ஆர். இருந்தது, மருத்துவச் சான்று இருந்தது, ரிமாண்ட் உத்தரவு இருந்தது. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டி கிளைச்சிறைப் பதிவேட்டிலும் பெயர் ஏறியது. நான்கு நாளுக்குள் இருவரும் இறந்தார்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி வைத்திருந்தது பிறகு விசாரணையில் தெரிந்தது. அந்த டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம், குறைந்தது ஓராண்டாவது, வைத்திருக்க வேண்டும் என்றது. மடப்புரத்தில் காகிதமே இல்லை. சாத்தான்குளத்தில் காகிதம் எல்லாம் இருந்தும் உண்மை இல்லை. ஆகவே பலகையில் பெயர் ஏறிவிட்டால் எங்கள் வேலை முடிந்துவிடாது. பெயர் ஏறியவரைக் கண்ணால் பார்க்க வேண்டும். வக்கீலை அவர் சந்திக்க வேண்டும். அது புதிய சட்டத்தின் 38-ஆம் பிரிவு தருகிற உரிமை.

இங்கே ஒரு கனமான விஷயத்தைப் பேசியாக வேண்டும். பதிவேடு என்ற சொல்லைக் கேட்டாலே நம் பகுதியில் பல வீடுகளில் பெரியவர்கள் முகம் சுருங்கும். காரணம் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் ஜனங்கள் கைரேகைச் சட்டம் என்றார்கள். பிறந்த சாதிக்காக ஆண்களின் பெயரை எழுதிவைத்து, ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்கச் சொன்ன சட்டம். அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. மனநிலை போய்விட்டதா? சந்தேகப் பட்டியல், ரௌடி பட்டியல், ஹிஸ்டரி ஷீட் என்று அதன் பிள்ளைகள் இன்றும் இருக்கின்றன. ஹிஸ்டரி ஷீட் என்பது போலீஸின் உள் ஆவணம், பொதுவில் வைக்கக் கூடாது, பின்தங்கிய சமூகத்தவர் என்பதற்காக யார் பெயரையும் இயந்திரம் போல ஏற்றக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

ஆளைக் கண்காணிக்கும் பதிவேடு வேறு, கைதைக் கண்காணிக்கும் பதிவேடு வேறு. முன்னது போலீஸ் மக்களைப் பார்ப்பது. பின்னது மக்கள் போலீஸைப் பார்ப்பது. நாங்கள் கேட்பது பின்னதை மட்டும்.

இந்த வேறுபாட்டை மறந்தால் நாங்களும் தீங்கு செய்கிறவர்களாகிவிடுவோம். அமெரிக்காவில் பல இடங்களில் கைதுப் பதிவுகள் யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. காரணம் நல்ல காரணம்தான், ரகசியக் கைது கூடாது என்பது. ஆனால் அந்தப் படங்களைத் திரட்டி இணையத்தில் போட்டு, எடுக்கப் பணம் கேட்கிற வியாபாரம் ஒன்று அங்கே வளர்ந்து, பல மாநிலங்கள் அதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இங்கே அதற்கு வியாபாரிகூடத் தேவையில்லை. "நம்ம ஊரு திருடனப் பாருங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தால் போதும், அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். கைதானவர் குற்றவாளி அல்லர். நீதிமன்றம் சொல்லும்வரை அல்லர். எனவே எங்கள் இயக்கத்தில் யாரும் கைதானவரின் படத்தை எடுக்க மாட்டோம். யார் அனுப்பினாலும் மேலே அனுப்ப மாட்டோம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரைக் காகிதத்தில்கூட எழுத மாட்டோம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் எழுத மாட்டோம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதுவும் எங்கள் குறிப்பேட்டில் இருக்காது. பெண் பார்க்க, வேலைக்கு ஆள் எடுக்க, வீடு வாடகைக்கு விட, கடன் கொடுக்க என்று யாராவது எங்களிடம் வந்து, "இந்த ஆள் மேல கேஸ் இருக்கா பாருங்க" என்றால், வாசலோடு அனுப்பிவிடுவோம். தேடுகிறவர் கைதானவரின் ஆளாக இருக்க வேண்டும், அல்லது அந்தக் குற்றத்தால் அடிபட்டவராக இருக்க வேண்டும். விடுதலையானவரின் பக்கத்தைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம்.

அடிபட்டவர் என்று எழுதும்போது நம் மாவட்டத்து வேங்கைவயல் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 2022 டிசம்பர் 26 அன்று பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. சிபிசிஐடி விசாரித்தது. மாதங்கள் போயின, "யாரையாச்சும் புடிச்சாங்களா?" என்ற கேள்வி மட்டும் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே ஊரைச் சேர்ந்த மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை என்ற செய்தி வந்தது. ஊர்மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கின் முடிவைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. குற்றம் நடந்த வீட்டுக்காரர், தன் வழக்கில் என்ன நடக்கிறது என்பதை மற்றவர்களோடு சேர்ந்து தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்வது அநியாயம் என்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் உள்ள 15ஏ பிரிவு, ஜாமீன் உள்பட எந்த நீதிமன்ற நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவையும் எங்கள் வாசிப்பில் சேர்த்துக்கொள்கிறோம்.

ஸ்டேஷன்களில் வேலை பார்க்கிறவர்களை எதிரியாக நினைத்து இதைத் தொடங்கவில்லை. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒரு ரைட்டர் செய்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தணிந்த குரலில் வழி சொன்னவரும் ஒரு காவலர்தான். அவர் அதைப் பயந்து பயந்து சொல்லாமல், பலகையைக் கைகாட்டிச் சொல்லியிருக்கலாம்.

இந்த மாவட்டத்துக்குப் பெரிய காரியம் புதிதல்ல. 1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும் களை பறித்த பெண்களும் ராத்திரி அரிக்கேன் விளக்கில் அட்டை வாசித்தார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் படித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். பஸ் போர்டை வாசிக்க யாரையும் கேட்க வேண்டாம் என்பதே அன்றைக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அதற்கும் முன்னால் போனால், குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் கோயில் சுவரெல்லாம் எழுத்து. யார் நிலம் கொடுத்தார், யார் வரி தர வேண்டும், எந்தச் சபை என்ன முடிவு செய்தது என்பதை ஊர் பார்க்கக் கல்லில் வெட்டிவைத்த பூமி இது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் பட்டியலிட்ட கல்வெட்டுகளே ஆயிரத்துக்கு மேல். ஊர் சம்பந்தப்பட்டதை ஊர் கண்ணில் படும்படி எழுதிவைப்பது இங்கே பழைய மரபு.

வேலையை இப்படித் தொடங்குகிறோம். மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும், மகளிர் நிலையங்களும் மதுவிலக்குப் பிரிவும் உட்பட, இருவர் இருவராகப் போவோம். பலகை இருக்கிறதா, வெளியாள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதி எழுதியிருக்கிறது, பொறுப்பு அதிகாரி யார் என்று குறித்துக்கொள்வோம். சத்தம் போட மாட்டோம். ஒரு மாதம் கழித்து அதே வாசலுக்கு மறுபடி போவோம். ஒவ்வொரு ஊரிலும் ராத்திரியில் போனை எடுக்க ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு குறிப்பேடு இருக்கும். அதில் முதல் கட்டத்தில் எழுத வேண்டியது பெயரைக்கூட அல்ல, நேரம். கூட்டிக்கொண்டு போன நேரம், பார்த்தவர், வண்டி எண், கேட்ட ஸ்டேஷன்கள், கிடைத்த பதில். ஆட்கொணர்வு மனு போட வேண்டிய நிலை வந்தால் மதுரைக் கிளைக்குப் போகும் வக்கீல் கையில் அந்தப் பக்கம் இருக்கும்.

எழுத்தில் கேட்கவும் போகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று ஒரு வரி உண்டு. முப்பது நாள் கெடு என்பதையே பலரும் அறிவார்கள். இந்த வரியை ஊருக்கெல்லாம் சொல்வோம். மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிய முதல் மனு தயாராக இருக்கிறது. அதில் நான்கு கேள்விகள்: 37-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிலையத்திலும் நியமிக்கப்பட்ட அதிகாரிகள் யார், மாவட்டத் தலைமையிடத்தில் கைது விவரம் எங்கே காட்சிக்கு வைக்கப்படுகிறது, அது எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, 48-ஆம் பிரிவின்படி உறவினருக்குத் தகவல் சொன்னதைப் பதியும் புத்தகத்தின் பெயர் என்ன. கலெக்டர் அலுவலகத்துக்கு 59-ஆம் பிரிவு அறிக்கைகளைப் பற்றித் தனி மனு.

திங்கட்கிழமை இரண்டையும் கொடுக்கிறோம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டியாகிவிட்டது. கையெழுத்துப் போடப் போவது அன்றைக்கு மூன்று வாசல்களில் நின்ற அந்த அம்மா. அறிவொளியில்தான் எழுத்துக் கூட்டப் படித்தவர். இரண்டு பக்கத்தையும் தானே வாசித்து முடித்துவிட்டுத்தான் போடுவேன், கொஞ்சம் நேரமாகும், பொறுங்கள் என்றிருக்கிறார்.